வெட்டாத கத்தி

வெள்ளிக் கோப்பை மேசைமேல் பளபளத்துக்கொண்டிருக்க, அதைத் தொடாமல் ஆறடிக் கம்பளி நூலைத் திருடிக்கொண்டு போன திருடனைப் பற்றி டென்சில் இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

"மேடம், இவனைப் பிடிச்சா ஜெயில்ல போடக் கூடாது. நேரா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

ஹெஸ்டர் ட்ரெகியர் மழைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் துறைமுகச் சுங்கத்தில் ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்தவள். ஓய்வு பெற்றபின் துப்பறியும் ஆபீஸ் வைத்து ஊரார் வீடுகளைப் பார்க்கிறாள். டென்சில் அவளிடம் சேர்ந்து நாலு வருஷம். அதற்கு முன் பஸ் ஓட்டினான். மனைவி நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் காலையில் ஆபீஸ் கதவைத் திறந்ததும் ஒரு நாளுக்கு உண்டான பேச்சையெல்லாம் அவிழ்த்துக் கொட்டிவிடுவான்.

"கோப்பைக்கு என்ன ராசா, கடையில கிடைக்கும்" என்றாள் வீட்டுக்காரி மொர்வென்னா கிட்டோ. "நூல் கிடைக்காது."

எழுபத்தெட்டு வயது, ஐந்தடிக்கும் குறைந்த உயரம். போர்த்வியர் கிராமத்தில் சூனியக்காரி வீடு எது என்று கேட்டால் தபால்காரனே கூட வந்து காட்டுவான். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கார்ன்வாலின் இந்தக் கடற்கரையில் சிலர் ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவார்கள், சிலர் பௌர்ணமிக்கு வட்டம் கூடுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பன் சுட்டுத் தருகிற கடை ஒன்றுதான்.

மேசைமேல் அவளுடைய சாமான்கள் வரிசையாக இருந்தன. வெள்ளிக் கோப்பை, நட்சத்திரம் பொறித்த செப்புத் தட்டு, நுணா மரம்போல் மஞ்சளோடிய ஒரு கோல், உறைக்குள் கறுப்புப் பிடிக் கத்தி, பக்கத்தில் வளைந்த வெள்ளைப் பிடிக் கத்தி. சுவரோரம் இரும்புக் கொப்பரையும் ஒரு குச்சி விளக்குமாறும்.

"இது பறக்குமா?"

"பெருக்கும். வட்டம் கூடறதுக்கு முந்தி இடத்தைச் சுத்தம் பண்ண. ஆனா தரையைத் தொடக் கூடாது, மேலாப்லதான் பெருக்கணும்."

"நான் பெருக்குறதைப் பத்தி என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்லுவா."

மொர்வென்னா சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் யாரோ வேடிக்கையாகப் பேசி ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும் என்று டென்சிலுக்குத் தோன்றியது.

"நூலைப் பத்தி இவனுக்கும் சொல்லுங்க" என்றாள் ஹெஸ்டர்.

"எங்க வட்டத்துல ஒருத்தரைச் சேர்க்கும்போது, உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் சிவப்பு நூலால அளவெடுப்போம். தலைச் சுத்துக்கு ஒரு முடிச்சு, நெஞ்சுச் சுத்துக்கு ஒரு முடிச்சு. அந்த நூல் தலைவிகிட்ட இருக்கும். அதாவது என்கிட்ட. நூல் யார் கையில இருக்கோ, ஆளும் அவங்க கையில. போறேன்னு ஒருத்தர் முடிவு பண்ணினா, என் நூலைக் குடுன்னு கேக்கணும். கேட்டா மறுக்காம குடுத்திடணும். குடுத்தா முடிஞ்சுது. அப்புறம் அவங்க யாரோ, நாங்க யாரோ."

"கேக்காமயே போயிட்டா?"

"அப்படி யாரும் போனதில்ல." கிழவி கோலை எடுத்து நேராக்கி வைத்தாள். "தமசினைத் தவிர."

ஒன்பது பேர் வட்டம். ஏழு பேர் இறந்துபோனார்கள். மிச்சம் மொர்வென்னா; அப்புறம், இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத தமசின். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு படகுக்காரனோடு வெளியூர் கிளம்பினாள். மொர்வென்னாவுக்குக் கோபம். போகணும்னா நூலைக் கேட்டு வாங்கிட்டுப் போ என்று கத்தினாள். தமசின் கேட்கவில்லை, போய்விட்டாள்.

"கேக்கலையே, அப்ப திரும்பி வருவான்னு இருந்தேன்" என்றாள் மொர்வென்னா. "போன வியாழக்கிழமை சந்தைக்குப் போயிட்டு வந்து பாத்தா, ஒன்பதுல ஒண்ணு இல்ல. அவளோடது."

அலமாரியில் ஒன்பது மண் கோப்பைகள் இருந்தன. ஏழு கவிழ்ந்திருந்தன, இரண்டு நிமிர்ந்திருந்தன. அதைக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை முப்பத்தொண்ணாந் தேதி. செத்தவங்களுக்கும் சேத்து மேசை போடற நாள். செத்தவங்க கோப்பையைக் கவிழ்த்து வைப்பேன். அவளோடதை இத்தனை வருஷமும் நிமிர்த்தித்தான் வெச்சேன். இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவளே வந்து நூலை எடுத்துட்டுப் போயிருந்தான்னா எங்களை விட்டுப் போயிட்டான்னு அர்த்தம், கோப்பையையே எடுத்துடணும். செத்துட்டான்னா கவிழ்க்கணும். ரெண்டும் இல்லன்னா நிமிர்த்தணும். எதுன்னு சொல்லுங்க."

டென்சில் கோப்பைகளை இன்னொரு தடவை எண்ணினான்.

"அவங்கதான் வந்தாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்றாள் ஹெஸ்டர்.

"வேற யாருக்கு அது வேணும்? ஆனா இத்தனை வருஷம் கழிச்சு வந்தவ, ஒரு வாய் டீ குடிக்காமப் போயிட்டாளே. அடுப்புல கெட்டில் சூடாத்தான் இருந்துச்சு."

ஹெஸ்டர் நூல் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டாள். அந்த வீட்டில் அப்படித்தான். கேட்காமல் எதையும் தொடக் கூடாது. கொப்பரைக்குப் பின்னால் இருந்த சின்ன மரப்பெட்டி அது. உள்ளே எட்டு நூல்கள். ஒன்பதையும் சேர்த்துக் கட்டியிருந்த சிவப்பு நாடா அறுபட்டுக் கிடந்தது. அறுபட்ட முனை எலி கடித்த மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது.

"இந்த நூலெல்லாம் நீங்க சுத்தினதா?"

"இல்ல. நான் உருண்டையாத்தான் சுத்துவேன். எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டு, வேற மாதிரி சுத்தி வெச்சிருக்கு."

ஒவ்வொரு நூலும் எட்டு வடிவில், மாற்றி மாற்றி, அழகாகச் சுற்றப்பட்டிருந்தது.

"திருட வந்த இடத்துல கைவேலை வேற" என்றான் டென்சில்.

"வேற எதையாவது கலைச்சிருந்தாங்களா? மெத்தை, அலமாரி?"

"ஒண்ணையும் தொடல. வாசல் நிலைமேல ரோவன் மரக் குச்சியில சிவப்பு நூல் சுத்திக் காப்பு கட்டியிருப்பேன், அது மட்டும் உள்பக்கம் விழுந்து கிடந்துச்சு. காத்தா இருக்கும்."

டென்சில் போய் நின்று பார்த்தான். திரும்பக் கட்டியிருந்த காப்பு அவன் தலைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் ஆடியது. "என்னை இடிக்கல. குள்ளனா இருக்கறதுல முதல் தடவையா ஒரு லாபம்."

"கறுப்புப் பிடிக் கத்தியை நீங்களே உருவிக் காட்டுங்க" என்றாள் ஹெஸ்டர்.

"அதை எதுக்கு? அது எதையும் வெட்டாத கத்தி. காத்துல வட்டம் போடத்தான். அம்பது வருஷத்துல வெண்ணெயைக்கூடத் தொட்டதில்ல, முனை மழுங்கிக் கிடக்கு. நூல் வெட்ட, செடி வெட்ட வெள்ளைப் பிடிதான்." சொல்லிக்கொண்டே உறையிலிருந்து உருவினாள்.

பிடிக்கும் அலகுக்கும் நடுவில் சிவப்புப் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

மொர்வென்னா நாற்காலியைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தாள். உடுப்பு மாட்டியிருந்த ஆணி கழன்று விழுந்ததுபோல அவள் தோள் இறங்கிவிட்டது.

"இது அவ இல்ல" என்றாள். "கையை வெட்டினாலும் தமசின் இதால நாடாவை அறுக்க மாட்டா. எங்காளு யாரும் செய்ய மாட்டாங்க. யாரோ அன்னியன் வந்து, அவளை எடுத்துட்டுப் போயிருக்கான்."

நல்ல சேதியா கெட்ட சேதியா என்று டென்சிலுக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் இரண்டும் இல்லை. விட்டுப் போவதற்காகவாவது ஒரு தடவை வந்தாளே என்று ஆறு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த கொழுகொம்பும் போய்விட்டது.

காரில் ஏறியதும் ஹெஸ்டர் காகிதப் பையிலிருந்து, கறியும் கிழங்கும் வைத்துச் சுட்டு ஆறிப்போன பேஸ்டியை எடுத்துப் பாதி பிய்த்து அவனிடம் கொடுத்தாள்.

"கத்தி என்ன சொல்லுது?"

"வந்தவன் வெளியாளுன்னு."

"கலையாத வீடு என்ன சொல்லுது?"

டென்சில் மென்றான். "நேரா கொப்பரைக்குப் பின்னால போயிருக்கான். இடம் தெரிஞ்சவன். அப்ப உள்ளாளா? மேடம், ஒரே ஆள் எப்படி உள்ளேயும் வெளியேயும் இருக்க முடியும்? பூனையா?"

"ரெண்டு ஆளு. உள்ளாள் சொல்லி, வெளியாள் செஞ்ச வேலை. பெட்டி இருக்கற இடத்தைச் சொன்னவங்க, எந்தக் கத்தின்னு சொல்ல மறந்துட்டாங்க. அவங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்ல. தீயில கை வைக்காதேன்னு யாராவது சொல்லி அனுப்புவாங்களா?"

"வட்டத்துல ஏழு பேர் செத்தாச்சு. மொர்வென்னாம்மா தானே சொல்லித் தன் வீட்டுலயே திருட மாட்டாங்க." டென்சிலின் கை பேஸ்டியோடு நின்றது. "அப்ப சொன்னது தமசின்! உயிரோட இருக்காங்க!"

"வாயைத் துடை. இன்னும் இருக்கு. ஒன்பது நூல்லயும் பேரு கிடையாது. வந்தவ எப்படிச் சரியான நூலை எடுத்தா?"

"வந்தவளா? ஆம்பளையா இருக்கக் கூடாதா?"

"ஒவ்வொண்ணையும் பிரிச்சுத் தன் மேல வெச்சு அளந்து பாத்திருக்கா. உச்சந்தலை, தலைச் சுத்து, நெஞ்சு. தனக்கு எது பொருந்துதோ அதை எடுத்துக்கிட்டா. காப்புல தலை இடிக்கிற உயரம். தமசினும் நெட்டைதான், அந்த வாசல்ல தினம் மண்டையை இடிச்சுக்குவான்னு மொர்வென்னா நேத்து போன்ல சொன்னாங்க."

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. டென்சில் பேஸ்டியைக் கீழே வைத்தான்.

"மகள்" என்றான்.

"கயிறு சுத்தற தொழில் பாக்கற மகள். எட்டு மாதிரிச் சுத்தறது படகுக்காரங்க கைப்பழக்கம். வியாழக்கிழமை காலையில வேலைக்கு வராத படகுக்காரி யாருன்னு தெரியணும்." ஹெஸ்டர் கண்ணாடியைத் துடைத்தாள். "போன வியாழன் நீ ஏன் ரெண்டு மணி நேரம் லேட்டு?"

"அதுக்குத்தான் அன்னிக்கே மன்னிப்புக் கேட்டேனே! அக்கரையில ஒரு ஆளைப் பாக்கப் போயிட்டுத் திரும்பினா, ஆத்துல ஓடம் இல்ல, படகுக்காரியைக் காணோம், நான் மழையில..." நிறுத்தினான். "ஐயையோ. நெட்டையா இருப்பா மேடம். ஆறடி."

"உனக்குக் குடுக்கற சம்பளம் வீண் போகல. வண்டியை எடு."

ஆற்றங்கரை போகும்வரை மழை கண்ணாடியில் வழிந்தது. பாதி வழியில் ஹெஸ்டர் கேட்டாள்: "உங்க அண்ணன்கிட்ட பேசினியா?"

"அவன் கூப்பிடட்டும். நான் கூப்பிட்டா நான்தான் தப்புன்னு ஆயிடும்."

"எத்தனை வருஷம்?"

"ஆறுதான்" என்றான் டென்சில், என்னவோ ஆறு நாள் என்பதுபோல.

ஓடத்துறையில் யாரும் இல்லை. அக்டோபர் கடைசி; சுற்றுலாக் கூட்டம் வடிந்து, ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்தாயிற்று. போர்த்வியர்க்காரர்கள் அக்கரைக்குப் போவதே இல்லை. கால் மைல் ஆறுதான், ஆனால் அங்கே இருப்பவர்களை வெளிநாட்டுக்காரர்கள் மாதிரிதான் பேசுவார்கள். படகில் ஒரு நெட்டைப் பெண் கயிற்றை இரும்புக் கொம்பில் கட்டிக்கொண்டிருந்தாள். கண் ஆற்றின் மேல் இருக்க, கை தானாக எட்டு எட்டாகச் சுற்றியது.

"ஏறுங்க" என்றாள்.

"நாங்க அக்கரைக்குப் போகல" என்றாள் ஹெஸ்டர். "நூலைப் பத்திப் பேசணும்."

கயிறு பாதிச் சுற்றில் நின்றது.

"போலீசா?"

"போலீஸ்னா கோப்பையைத் திருடியிருக்கணும்" என்றான் டென்சில். "நூலுக்கு நாங்கதான் வருவோம்."

அவள் பெயர் கெரென்சா. மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பும் இல்லாதவள் மாதிரி படகின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

டென்சிலால் அடக்க முடியவில்லை. "தாயி, உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பு! அந்தக் கிழவி கோப்பையை நிமிர்த்தறதா கவிழ்க்கறதான்னு தெரியாம உக்காந்திருக்கு. நிமிர்த்துங்கம்மான்னு ஒரு வார்த்தை..."

"டென்சில்" என்றாள் ஹெஸ்டர், மெதுவாக. அவள் கெரென்சாவின் கோட்டுக் கையில் சுற்றியிருந்த கறுப்பு ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை விடியகாலையில போயிட்டாங்க" என்றாள் கெரென்சா. "வர்ற செவ்வாய் அடக்கம்."

டென்சில் மனசுக்குள் எண்ணினான். மூன்று நாள். முப்பத்தொரு வருஷத்தில் மூன்றே நாள்.

"எங்க இருந்தாங்க?" என்றாள் ஹெஸ்டர்.

கெரென்சா அக்கரையைக் காட்டினாள். மேட்டின் மேல் ஒரு வெள்ளை வீடு, ஒரே ஒரு ஜன்னல். "அப்பா போனப்புறம் இங்க திரும்பி வந்தோம். பன்னெண்டு வருஷம். அந்த ஜன்னல்லருந்து பாத்தா கிட்டோம்மா வீட்டுப் புகைக்கூண்டு தெரியும். சாயங்காலம் ஆனா அம்மா போய் நிப்பாங்க. புகை வந்தா, 'ம், இருக்கா'ன்னு சொல்லிட்டு வந்து டீ போடுவாங்க."

"ஒரு தடவை படகுல ஏறி வந்திருக்கலாமே!" என்று வெடித்தான் டென்சில்.

"நானும் அதைத்தான் சண்டை போட்டுக் கேப்பேன். போனா நூலை எடுத்துக் கையில குடுத்திடுவாளோன்னு பயம். 'இதுவரைக்கும் அவ திருப்பி அனுப்பல. அனுப்பலன்னா நான் இன்னும் உள்ளதான் இருக்கேன். அதைப் போய்க் கெடுத்துக்குவானேன்'னு சொல்லுவாங்க."

இங்கே ஒருத்தி, கேட்கவில்லையே, வருவாள் என்று உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒருத்தி, அனுப்பவில்லையே, ஒதுக்கவில்லை என்று நின்றிருந்தாள். நடுவில் கால் மைல் தண்ணீர்.

"கடைசியில நூலை ஒரு தடவை கையில பிடிச்சுப் பாக்கணும்னாங்க" என்றாள் கெரென்சா. "போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன்னேன். படுத்த படுக்கையா இருந்தவங்க எழுந்து உக்காந்துட்டாங்க. 'கேக்காதே! கேட்டா நான் வெளிய போயிட்டேன்னு ஆயிடும். அவ சந்தைக்குப் போற நேரம் பாத்து எடுத்துட்டு வா. பாத்துட்டு இருந்த இடத்துலயே வெச்சிடு'ன்னாங்க. கொண்டு வந்தேன். உடம்போட வெச்சுப் பாத்தாங்க. நூல் நாலு விரல் நீளமா இருந்துச்சு. 'பாருடி, நான் சுருங்கிட்டேன், இது சுருங்கல'ன்னு சிரிச்சாங்க." கோட்டுப் பையைத் தொட்டாள். "திரும்பக் கொண்டு போய் வைக்கணும். நாலு நாளா அந்த வாசல் வரைக்கும் போறேன். உள்ள போக முடியல."

"இப்ப முடியும்" என்றாள் ஹெஸ்டர். "நாங்க வரோம்."

வீட்டு வாசலில் கெரென்சா தலையைக் குனிந்து காப்புக்குக் கீழே நுழைந்தாள். அடுப்பருகே இருந்த மொர்வென்னா நிமிர்ந்தாள். அந்த ஒரு விநாடி அவள் முகம் இருந்த இருப்பை டென்சில் பார்த்திருக்கக் கூடாது என்று நினைத்தான். அடுத்த விநாடி, வந்திருப்பது இளம்பெண் என்று தெரிந்துவிட்டது. கோட்டுக் கையில் சுற்றிய துக்கக் கறுப்பும் தெரிந்துவிட்டது.

கிழவி எப்போது என்று கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை.

"நூலைக் கேட்டாளா?" என்றாள்.

"கேக்கல" என்றாள் கெரென்சா. "கேக்கக் கூடாதுன்னுதான் திருடச் சொன்னாங்க."

எட்டு வடிவில் சுற்றிய சிவப்பு நூலை மேசைமேல் வைத்தாள். "உங்க கத்தியை... எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க."

"விடு கண்ணு. அம்பது வருஷத்துல அது ஒண்ணே ஒண்ணு வெட்டியிருக்கு. வெட்ட வேண்டியதைத்தான் வெட்டியிருக்கு."

மொர்வென்னா அலமாரியிலிருந்து தமசினின் கோப்பையை இறக்கினாள். ஆப்பிள் மது ஊற்றி கெரென்சாவிடம் நீட்டினாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. உங்கம்மா பங்கு, பாதி குடி." மீதிப் பாதியைத் தான் குடித்தாள். துணியால் துடைத்தாள். பிறகு மற்ற ஏழோடு சேர்த்து, எட்டாவதாகக் கவிழ்த்து வைத்தாள்.

கெரென்சா ஜன்னலைப் பற்றியும் புகையைப் பற்றியும் சொன்னாள். மொர்வென்னா அசையாமல் கேட்டாள். கடைசியில் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"விறகை மிச்சம் பிடிக்கலாம்னு சில நாள் அடுப்பு மூட்டாமப் படுத்திருக்கேனே. அன்னிக்கெல்லாம் என்ன பண்ணினா?"

"அன்னிக்குத் தூங்க மாட்டாங்க."

கிழவி எழுந்தாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஒரு கட்டை போட்டாள். இன்னொன்று போட்டாள். அறை கொதித்தது. மூன்றாவதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "இனிமே யார் பாக்கப் போறா?"

"அந்த ஜன்னல் இன்னும் என் வீட்டுலதான் இருக்கு" என்றாள் கெரென்சா.

மூன்றாவது கட்டையும் அடுப்புக்குள் போனது.

ஹெஸ்டர் டென்சிலின் கையைத் தொட்டு வெளியே கூட்டிவந்தாள். மழை விட்டிருந்தது. காருக்குப் பக்கத்தில் அவன் போனை எடுத்து, ஒரு பெயரைத் தேடி, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிக்னல் இல்ல" என்றான்.

ஹெஸ்டர் அவன் கையிலிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"மேட்டுக்குப் போனா கிடைக்கும். ஏறு."